பொழுது சாய்ந்த வேளையில் ஒரு விண்ணப்பம்: ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’

வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

(‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ என்னும், தமிழ்ச் சபைகளின் பாட்டுப் புத்தகமான பாமாலையில் உள்ள பாடலைப் பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளமையால், இம்மாதப் பகுதியை முழுவதும் அந்த ஒரு பாடலுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.)

கேள்வி: என் தகப்பனாரின் அடக்க ஆராதனையில் ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ பாடப்பட்டது. அதை எழுதிய போதகர் தம்முடைய கடைசிப் பிரசங்கத்தைச் செய்த அன்று மாலையே, கடற்கரையில் உலாவிவிட்டு வந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தார் என்று எங்கள் குருவானவர் சொன்னார். பக்கத்தில் இருந்த என் சித்தப்பாவோ, அது அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்பே, சாகக்கிடந்த ஒரு நண்பருக்காக எழுதப்பட்டது என்கிறார். எது உண்மை? இதற்கு ஆதாரமான வேதவசனம் எது? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: இரண்டு கதைகளுக்கும் ஆதாரம் உண்டு; எனினும் இரண்டும் ஒரே அளவுக்கு நம்பத் தகுந்தவை அல்ல.

இப்பாடலின் ஆங்கில மூலமான ‘அபைட் வித் மீ’யை எழுதியவர் ஹென்றி பிரான்சிஸ் லைட். இவர் 1793-இல் ஸ்காட்லாந்தில் எட்னம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுப் போக, அயர்லாந்தில் இவர் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரான ராபர்ட் பரோஸ் இவரைத் தம் வீட்டுப் பிள்ளையைப்போல் வைத்துப் படிக்கவைத்தார். டப்ளின் திரித்துவக் கல்லூரியில் படித்த நாளிலேயே ஆங்கிலக் கவிதைக்காக மூன்று முறை பரிசு வாங்கியவர். 1815-இல் குருப்பட்டம் பெற்ற பின் சில ஊர்களில் பணியாற்றிவிட்டு, இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் பிரிக்ஸம் என்னும் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து, வாழ்நாளின் மீதி இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மீனவர்களுக்கே போதகராக இருந்தார். காசநோய் அவரை அரித்துக்கொண்டே வந்தது. மருத்துவர்களின் சொற்படி குளிர்காலங்களை ஐரோப்பாவின் தென்பகுதிகளில் கழிக்கத் தொடங்கினார். 1847 செப்டம்பர் தொடக்கத்தில், தடுப்பாரையும் மீறிப் பிரசங்க பீடம் ஏறித் தம் சபைக்குக் கடைசிப் பிரசங்கத்தைச் செய்து, நற்கருணையும் கொடுத்துவிட்டுப் புறப்பட்டவர், அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் தேதி நீஸ் நகரில் காலமானார். அங்கேதான் அவருடைய கல்லறை இருக்கிறது.

உங்கள் குருவானவர் சொன்ன கதை, லைட்டின் மகள் 1850-இல் தகப்பனாரின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது முன்னுரையில் எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. ஆனால் அந்த வாக்கியத்தைக் கவனமாகப் படிக்கவேண்டும். அந்தப் பிரசங்க நாளின் மாலையில் தகப்பனார் இப்பாடலை, தாமே அமைத்த ஒரு மெட்டுடன் சேர்த்து, நெருங்கிய உறவினர் ஒருவரிடம் கொடுத்தார் என்றுதான் மகள் சொல்கிறார். எழுதினார் என்று சொல்லவில்லை. ‘கொடுத்தார்’ என்பதை ‘எழுதினார்’ என்று மாற்றிச் சொன்னது பின்வந்த பிரசங்கிகளின் கைவண்ணம். கடலும் சூரிய அஸ்தமனமும் அதன் பிறகு தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. 1847 ஆகஸ்ட் இறுதியில், அதாவது அந்தப் பிரசங்கத்துக்குச் சில நாள் முன்பே, லைட் ஒரு கடிதத்தோடு இப்பாடலை அனுப்பி, அதைத் தம்முடைய அண்மைக் கவிதை என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே ஒரே மாலையில் பிறந்த பாட்டு என்பது நிற்காது. சாவை எதிர்நோக்கியிருந்த அந்தக் கோடையில் பிறந்த பாட்டு என்பது நிற்கும்.

சித்தப்பாவின் கதை 1925-இல் ஓர் ஆங்கில வார இதழில் வெளிவந்தது. 1820-இல் இளம் போதகராயிருந்த லைட், அயர்லாந்தில் மரணப்படுக்கையில் கிடந்த லெ ஹண்ட் என்னும் நண்பரைப் பார்க்கப் போனார் என்றும், அந்த நண்பர் ‘என்னோடு தங்கும்’ என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சொற்களைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தார் என்றும், அதைக் கேட்டு வந்த லைட் பாடலை எழுதி அந்தக் குடும்பத்தாருக்கு ஒரு படி கொடுத்தார் என்றும் அதில் சொல்லப்பட்டது. இது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அச்சேறிய காலத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் இருக்கிறது. ஆசிரியரே தம் கைப்பட ‘அண்மையில் எழுதியது’ என்று சொல்லியிருக்கும்போது அவர் சொல்லையே முதலில் ஏற்பது முறை என்பது என் கருத்து. அதற்காக நண்பரின் மரணப்படுக்கையையும் பொய் என்று தள்ளவேண்டியதில்லை. கேட்ட ஒரு சொல் மனத்தில் பல்லாண்டு கிடந்து பிறகு கவியாவது எந்த மொழியிலும் நடப்பதுதான்.

இனி வசனத்துக்கு வருவோம். அது லூக்கா 24-ஆம் அதிகாரம் 29-ஆம் வசனம். உயிர்த்தெழுந்த நாளன்று எருசலேமிலிருந்து எம்மாவு என்னும் கிராமத்துக்குச் சீஷர் இருவர் நடந்து போகிறார்கள். ஒருவன் பேர் கிலெயோப்பா. வழியில் ஓர் அந்நியர் சேர்ந்துகொள்கிறார். அவர் இயேசு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் நெருங்கியதும் அவர் அப்புறம் போகிறவர்போலக் காட்ட, ‘நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும் போயிற்று’ என்று அவரை ‘வருந்திக் கேட்டுக்கொண்டார்கள்’. இங்கே ‘வருந்தி’ என்பதற்குத் துயரப்பட்டு என்று பொருள் கொள்ளக்கூடாது. ‘வருந்தி அழைத்தாலும் வாராத வாரா’ என்று நல்வழியில் ஒளவையார் சொல்கிறாரே, அந்த ‘வருந்தி’ இது. விடாமல் வற்புறுத்தி என்று பொருள்.

வசனத்தையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லைட் செய்திருக்கும் மாற்றம் புலப்படும். எம்மாவு வழியில் ‘தங்கியிரும்’ என்பது வீட்டுக்காரர் விருந்தாளியிடம் சொல்வது. ‘இருட்டிப்போச்சு, இனிமே எங்க போகப் போறீங்க, இருந்துட்டுக் காலையில போங்க’ என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. இருட்டில் தனியே போகும் அந்த வழிப்போக்கருக்கு என்ன ஆகுமோ என்பதே அவர்களுடைய கவலை. அவர்களுக்குத் தங்கள்பேரில் பயமில்லை. லைட் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டார். அவர் பாட்டில் இருள் சூழ்ந்திருப்பது அழைக்கிறவனைத்தான். விருந்தாளிக்கு இருளே கிடையாது. ‘எங்களுடனே’ என்ற பன்மை ‘என்னோடு’ என்ற ஒருமையாயிற்று. ஒரு நாளின் சாயங்காலம் ஓர் ஆயுளின் சாயங்காலமாயிற்று. உபசாரச் சொல்லாக இருந்தது தவிப்பின் சொல்லாக மாறிவிட்டது. இதை மாலை ஆராதனைக்கான பாட்டு என்று பலரும் நினைக்கிறார்கள், பல பாட்டுப் புத்தகங்களிலும் அந்தத் தலைப்பில்தான் இருக்கிறது. உங்கள் தகப்பனாரின் அடக்கத்தில் பாடினார்களே, அதுதான் இதற்குரிய இடம் என்று நான் சொல்வேன்.

கேள்வி: ஆங்கிலத்தில் இப்பாடலுக்கு எட்டுச் சரணங்கள் என்று படித்தேன். ஆங்கில ஆராதனையில் ஐந்துதான் பாடுகிறார்கள். விடுபட்டவை எவை? எம்மாவு வசனத்தைத் தவிர வேறு வசனங்களும் பாட்டில் உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: எட்டு எழுதியது உண்மை. 1861-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்கென வந்து பெரும்புகழ் பெற்ற ஒரு பாட்டுப் புத்தகத்தில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் சரணங்களை நீக்கிவிட்டு ஐந்தை மட்டும் அச்சிட்டார்கள். அதுவே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. நீளம் கருதிச் செய்திருக்கலாம். ஆனாலும் நீக்கப்பட்ட மூன்றும் சாதாரணமானவை அல்ல.

மூன்றாவது சரணத்தில்தான் எம்மாவு மறுபடியும் வருகிறது. ஒரு கணப் பார்வையும் போகிறபோக்கில் ஒரு சொல்லும் எனக்குப் போதாது. சீஷரோடு பழகித் தங்கியதுபோல் தங்கவேண்டும் என்று அதில் கேட்கிறார். நான்காவதில், ராஜாதி ராஜாவாகப் பயங்கரத்தோடு வராமல், செட்டைகளிலே ஆரோக்கியத்தோடு வாரும் என்கிறார்; இது மல்கியா 4:2-இல் ‘நீதியின் சூரியன் உதிக்கும்; அதின் செட்டைகளின்கீழ் ஆரோக்கியம் இருக்கும்’ என்பதன் எதிரொலி. அஸ்தமனத்தைப் பற்றிய பாட்டின் நடுவில் உதய சூரியனைப் பற்றிய வசனம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார் பாருங்கள். ஐந்தாவது அவருடைய சொந்தச் சரித்திரம். என் இளமையில் என்மேல் புன்முறுவல் பூத்தீர், நான் முரண்டுபிடித்து உம்மை விட்டு விலகின வேளைகளிலும் நீர் என்னை விடவில்லை என்கிறார். தகப்பன் விட்டுப்போன பிள்ளை எழுதியது என்று தெரிந்துகொண்டு அந்த வரியைப் படித்தால் ‘விடவில்லை’ என்னும் சொல்லின் கனம் தெரியும்.

மற்ற வசனங்களில் முக்கியமானது 1 கொரிந்தியர் 15:55. ‘மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?’ என்று பவுல் கேட்பதை லைட் கிட்டத்தட்ட அப்படியே ஒரு வரியாக்கியிருக்கிறார். பவுலின் நிருபங்கள் அவருக்கு வெறும் பாடப்புத்தகம் அல்ல. 1818-இல் கார்ன்வாலில் பக்கத்துச் சபையின் போதகர் ஒருவர் மரணப்படுக்கையில் இவரை அழைத்தார். இருவருமே ஊருக்கு உபதேசிக்கும் போதகர்கள், ஆனால் சாவை எதிர்கொள்ளத் தங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை என்பதை அன்று கண்டுகொண்டார்கள். இருவருமாக உட்கார்ந்து பவுலின் நிருபங்களைப் படித்து, அந்த நண்பர் சமாதானத்தோடு மரித்தார்; லைட்டின் ஊழியமும் அன்றிலிருந்து வேறாயிற்று. அதன்பின் ‘மாறாதவர்’ என்னும் சொல், ‘நான் கர்த்தர், நான் மாறாதவர்’ என்ற மல்கியா 3:6-ஐ நினைவூட்டுகிறது. ‘எந்தச் சத்துருவுக்கும் அஞ்சேன்’ என்ற இடத்தில் இருபத்துமூன்றாம் சங்கீதம் கேட்கிறது. 1834-இலேயே சங்கீதங்களைத் தழுவி ஒரு முழுப் பாட்டுத் தொகுதியை வெளியிட்டவருக்கு இவையெல்லாம் தேடி எடுக்கவேண்டிய மேற்கோள்களாக இருந்திருக்க முடியாது. நாவில் ஊறிக் கிடந்தவை.

தமிழைப் பொறுத்தவரை ஒரு சுவையான செய்தி உண்டு. நம் பாமாலையில் ‘நியாயம் தீர்ப்போராக என்னண்டை வராமல்’ என்று ஒரு சரணம் இருக்கிறதல்லவா? அது ஆங்கிலேயர் பாடாமல் விட்ட அந்த நான்காவது சரணம்தான். அவர்கள் புத்தகத்தில் தள்ளிவிட்டதை நாம் நம் கோயில்களில் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ‘நீர்மேல் குமிழிபோல் என் ஆயுசும்’ என்ற வரி ஆங்கிலத்தில் இல்லையே! வேதாகமத்திலாவது உண்டா? மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்த்தாரா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தாமாகச் சேர்த்ததுதான், சேர்த்தது மிகவும் நன்றாயிருக்கிறது.

ஆங்கில மூலத்தில் வாழ்வென்னும் சிறு பகல் விரைந்து வற்றிப் போகிறது என்று இருக்கிறது. அங்கே லைட் பயன்படுத்தும் வினைச்சொல் கடல் உள்வாங்குவதற்கு, அதாவது வற்றத்துக்கு உரியது. ஏற்றமும் வற்றமும் பார்த்துப் படகு தள்ளும் பிரிக்ஸம் மீனவரின் போதகருக்கு அது இயல்பாக வந்த சொல். தமிழாக்கியவர் அந்தக் கடலை விட்டுவிட்டுக் குமிழியை எடுத்துக்கொண்டார். வேதாகமத்தில் மனிதனின் ஆயுசு புல்லுக்கும் நிழலுக்கும் ஒப்பிடப்படுகிறது. யாக்கோபு நிருபம் ‘கொஞ்சக்காலந்தோன்றி, பின்பு தோன்றாமற்போகிற புகை’ என்கிறது. ஓசியா 10:7 சமாரியாவின் ராஜா தண்ணீரின்மேல் இருக்கிற நுரையைப்போல் அழிவான் என்கிறது. நுரை வரைக்கும் வந்தாயிற்று, குமிழி வரவில்லை.

குமிழி நம்முடையது. ‘படுமழை மொக்குளின் பல்காலும் தோன்றிக் கெடுமிதோர் யாக்கை’ என்று நாலடியாரில் சமண முனிவர் பாடினார். மொக்குள் என்றால் நீர்க்குமிழி. ‘நீரில் குமிழி இளமை’ என்று நீதிநெறி விளக்கத்தைத் தொடங்கினார் குமரகுருபரர். குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டம், பாமாலை ஓயாமல் ஒலிக்கும் தாமிரபரணிக் கரைச் சபைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர். சமணரும் சைவரும் கையாண்ட உவமை ஒன்று, ஸ்காட்லாந்தில் பிறந்தவரின் கிறிஸ்தவப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் அந்த வரி எப்படி இருந்தது என்ற நினைவே எழாதபடி செய்துவிட்டது.

இதைவிட வியப்பான வேலை ஒன்றையும் மொழிபெயர்ப்பாளர் செய்திருக்கிறார். இப்பாட்டின் மெட்டுக்கு வரிக்குப் பத்து அசை வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: என், னோ, டி, ரும், மா, நே, ச, கர்த், த, ரே. பத்து. ‘வெளிச்சம் மங்கி இருட்டாயிற்றே’ என்பதும் பத்து. ‘நீர்மேல் குமிழிபோல் என் ஆயுசும்’ என்பதும் பத்து. இங்கே அசை என்று நான் சொல்வது யாப்பிலக்கணத்து நேரசையும் நிரையசையும் அல்ல, ஒரு சுரத்துக்கு ஒன்றாகப் பிரியும் ஒலி. ஆங்கிலத் தொடக்கத்தின் நான்கு அசைக்குச் சரியாக ‘என்னோடிரும்’ என்ற ஒரே சொல்லின் நான்கு அசை வந்து பொருந்துகிறது. மெட்டில் முதல் சுரம் நீண்டு ஒலிக்கும். ஆங்கிலத்தில் அந்த நீட்டம் ‘அ’ என்ற பொருளற்ற ஒரு முன்னொட்டின்மேல் விழுந்து வீணாகிறது; தமிழில் அது ‘என்’ என்பதன்மேல் விழுகிறது. கல்லறைத் தோட்டத்தில் சுருதிப்பெட்டிகூட இல்லாமல் பத்துப் பேர் பாடும்போதும் அந்த முதல் அசை கனத்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

கேள்வி: இன்று பாடும் மெட்டு லைட் அமைத்ததுதானா? (வாசகி, தரங்கம்பாடி)

பதில்: அல்ல. அவர் மெட்டு நிலைக்கவில்லை. இப்போது பாடுவது வில்லியம் ஹென்றி மங்க் என்னும் இசைஞர் மேலே சொன்ன 1861-ஆம் ஆண்டுப் புத்தகத்துக்காக அமைத்தது. அந்தப் புத்தகத்தின் இசைப்பதிப்பாசிரியரும் அவரே. பத்தே நிமிடத்தில் எழுதினார் என்று ஒரு கதை உலாவுகிறது. அவருடைய மனைவி சொன்னது வேறு: பெருந்துயரம் ஒன்றில் இருந்த நாட்களில் இருவரும் தினமும் சூரியன் மறைவதைப் பார்த்திருப்போம், அப்படி ஒரு மாலையில் கடைசிக் கதிர் மறைந்தபோது அவர் தாளை எடுத்துப் பென்சிலால் எழுதினார் என்பது. ஆக, அஸ்தமனக் கதை முழுவதும் பொய்யல்ல. பாட்டை எழுதியவருக்கு ஒட்டவைத்துவிட்டார்கள், உரியவர் மெட்டை எழுதியவர்.

கேள்வி: குடியரசு தின விழாவின் முடிவில் டெல்லியில் இதை வாசித்ததை வானொலியில் கேட்டிருக்கிறேன். ஒரு கிறிஸ்தவப் பாட்டு அங்கே எப்படி வந்தது? (வாசகர், சென்னை)

பதில்: காந்தியடிகளுக்குப் பிடித்த கிறிஸ்தவப் பாடல்களுள் இது ஒன்று. ஜனவரி 29-ஆம் தேதி விஜய் சௌக்கில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் இராணுவ வாத்தியக் குழுக்கள் இதைப் பல்லாண்டுக் காலம் வாசித்தன. காந்தியடிகள் சுடப்பட்ட நாளுக்கு முந்திய மாலை என்பதால் அதற்கு ஒரு தனிப் பொருத்தமும் இருந்தது. 2022-ஆம் ஆண்டு நிகழ்ச்சி நிரலிலிருந்து இதை எடுத்துவிட்டு, ‘ஏ மேரே வதன் கே லோகோ’ என்ற இந்திப் பாடலைச் சேர்த்தார்கள். அது நல்ல பாட்டு. ஆனால் இதை எடுக்காமலே அதைச் சேர்த்திருக்கலாம்.

படைவீரர்களோடு இப்பாட்டுக்கு உள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. முதல் உலகப்போரில் நேசநாட்டு வீரர்கள் தப்பிச்செல்ல உதவியதற்காக ஜெர்மானியரால் மரணதண்டனை விதிக்கப்பட்ட எடித் கேவல் என்னும் ஆங்கிலச் செவிலியர், 1915 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு பிரஸ்ஸல்ஸ் சிறையறையில் தம்மைப் பார்க்க வந்த போதகரோடு சேர்ந்து இதன் வரிகளைச் சொன்னார். மறுநாள் விடியலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கேள்வி: யோவான் 15-இல் ‘என்னில் நிலைத்திருங்கள்’ என்று இயேசு சொல்கிறார். அதற்கும் இப்பாட்டுக்கும் தொடர்பு உண்டா? இன்னொன்று: ‘தங்கியிரும்’ என்று கேட்டவர்களோடு அவர் தங்கினாரா? பாட்டில் அது சொல்லப்படவில்லையே! (வாசகி, திருச்சி)

பதில்: முதல் கேள்விக்கு, உண்டு என்பது பதில். கிரேக்க மூலத்தில் எம்மாவு சீஷர் சொன்ன ‘தங்கியிரும்’ என்பதும் இயேசு சொன்ன ‘நிலைத்திருங்கள்’ என்பதும் ‘மெனோ’ என்னும் ஒரே வினைச்சொல்லின் வடிவங்கள். பழைய ஆங்கில வேதாகமமும் இரண்டிடத்திலும் ஒரே சொல்லையே வைத்திருப்பதால் லைட்டின் வாசகர்களுக்கு ஒன்றைக் கேட்டால் மற்றது நினைவில் எழும். தமிழ் வேதாகமம் இடத்துக்கு ஏற்ப இரண்டு சொல்லாகப் பிரித்துவிட்டது. தமிழ்ப் பாட்டோ இரண்டையும் விட்டு ‘இரும்’ என்ற மிகச் சிறிய சொல்லை எடுத்துக்கொண்டது. ‘இரு’ என்றால் தங்கு என்றும் பொருள், நிலைத்திரு என்றும் பொருள், உட்கார் என்றும் பொருள், உயிரோடிரு என்றும் பொருள். ஆங்கிலத்துக்கு இந்த வசதி வாய்க்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு லூக்காவே பதில் சொல்கிறார். அவர் தங்குவதற்காக உள்ளே போனார். பந்தியிருந்து அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டுக் கொடுத்தார். அவர்களுடைய கண்கள் திறக்கப்பட்டன. அறிந்துகொண்ட அதே கணத்தில் அவர்களுக்கு மறைந்துபோனார். விருந்தாளி இராத்தங்கவில்லை. அதன்பின் அவர்கள் செய்ததுதான் லைட் தம் பாட்டில் தொடாமல் விட்ட பகுதி. ‘பொழுதும் போயிற்று’ என்று இன்னொருவரைப் போகவிடாமல் தடுத்த அதே இருவர், ‘அந்நேரமே எழுந்திருந்து’, ஏழெட்டு மைல் இருட்டிலே நடந்து எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள்.